பூஸ்ட் ஏற்றிய வண்டியும் புதுச்சேரி வெயிலும்

நம் டர்போ பெட்ரோல் காருக்குப் பூஸ்ட் ஏற்றும், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டும் மென்பொருளின் விலை இறங்கியிருக்கிறதே, போட்டுக்கொள்ளலாமா என்று அதே வண்டியை வைத்திருக்கும் கடலூர் நண்பர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1.2 பாரில் நின்ற உச்ச பூஸ்ட் 1.4 ஆனபின், மார்கழிக் காலையில் காலாப்பட்டைத் தாண்டி மரக்காணம் பக்கம் போகும்போது மூன்றாவது கியரில் கிடைக்கும் இழுவைக்கு ஈடாக இந்த விலையில் வேறெதையும் வாங்க முடியாது. கியர்பாக்ஸிலும் இதுவரை எந்தக் குறையும் தெரியவில்லை.

என் எரிச்சலெல்லாம், டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் இடத்தைப் பற்றியது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அதைச் செருகி வைத்திருக்கிறார்கள். ஆகவே நாம் உள்ளே குளிர்ச்சியாக அமர்ந்திருக்க, கண்டென்சர் வெளியேற்றும் சூடு முழுவதும் அதன் மீதே படிகிறது. பூஸ்ட் 1.4 பார் என்பது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உள்ள கணக்கு; ஆகவே 35 டிகிரிக் காற்றை வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2.4 மடங்குக்கு அழுத்தினால், டர்போவின் கம்ப்ரசரை விட்டு வெளியேறும்போது அது 150 டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் குளிரவைக்க வேண்டிய பொருளே கொதித்துக் கிடந்தால் என்ன செய்வது? கத்திரி வெயிலில் மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அளவீடுகளைக் காட்டும் ஓபிடி கருவியில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை 60 டிகிரியைக் கடந்து ஏறுவதைப் பார்க்கலாம். பச்சை விழுந்ததும் அழுத்தினால், எஞ்சினுக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை உணரும் நாக் சென்சார் சொல்வதைக் கேட்டு, எஞ்சினின் கணினியான ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துவிடுகிறது; இழுவை குறைந்துவிடும். காசு கொடுத்து ஏற்றிய பூஸ்ட் அப்போது பூஸ்ட் மீட்டரில் மட்டும்தான் இருக்கும். எஞ்சினைக் காப்பதற்காகத்தான் அது அப்படிச் செய்கிறது என்பது தெரிந்தும் கோபம் வருகிறது. மென்பொருள் ஏற்றிய கடையில் பெரிய மின்விசிறியின் முன் நிறுத்தி, எஞ்சின் சக்தியை அளந்து எடுத்துத் தந்த டைனோ தாளில் காற்றின் வெப்பநிலை என்று ஒரு கட்டமே இல்லை.

பிறகு சற்றுப் பெரிய இன்டர்கூலரை மாற்றினேன். அதற்கான செலவு மென்பொருளின் விலையை நெருங்கிவிட்டது. இப்போது ஓட்டத்தில் வெப்பநிலை சீக்கிரம் இறங்குகிறது, ஆனால் சிக்னலில் நின்றால் பழைய கதைதான்.

நண்பர் போடுவதாக இருந்தால், ஒரு படி குளிர்ந்த வகை (சூட்டை வேகமாகக் கடத்திவிடும்) ஸ்பார்க் பிளக்கை இடைவெளி குறைத்துப் போடட்டும். ஆயில் ஏபிஐ எஸ்பி தரத்தில் இருக்கட்டும், ஏனெனில் குறைந்த ஆர்பிஎம்மில் பாரம் ஏற்றும்போது நேரடி இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சின்களில் நேரும் முன்பற்றலை (பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்வதை) தடுப்பதற்கான சோதனையும் அந்தத் தரத்தில் அடங்கும். முள்ளோடை தாண்டி வந்து மலிவாகப் பெட்ரோல் போடும் கடலூர் வழக்கத்தை விட வேண்டியதில்லை. ஆனால் மென்பொருள் எந்த ஆக்டேனுக்கு (நாக்கைத் தாங்கும் பெட்ரோல் தர எண்ணுக்கு) எழுதப்பட்டதோ அதைத்தான் போட வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது ஒரு சிலிண்டரில் 2, 3 டிகிரி டைமிங் பின்வாங்குவது இயல்பு; நான்கிலும் ஒருசேர 5, 6 என்று காட்டினால் பூஸ்டைக் குறைக்கச் சொல்லிவிட வேண்டும், வாதமே வேண்டாம். கடற்காற்றில் பூஸ்ட் குழாய்களின் கிளாம்புகள் துருப்பிடிப்பதால், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை புகை விட்டுக் கசிவு பார்ப்பது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

இவ்வளவையும் முறையாகச் செய்தால் ஆபத்தில்லை, இழுவையும் உண்மையானது. இருந்தும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். ஆண்டில் பாதி நாள் வெயிலுக்கு அடங்கிப்போகும் ஒன்றுக்கு இத்தனை செலவும் கவனமும் எதற்கு என்று இந்தச் சித்திரையில் எனக்குத் தோன்றுகிறது. பழைய மென்பொருளைக் கட்டணமின்றித் திரும்ப ஏற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.