பினாங்கில் ஒவ்வாமைத் தோல் சோதனை: ஒரு மதிப்பீடு

காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மும் என் மகனுக்கு, ஜார்ஜ்டவுனிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒவ்வாமைத் தோல் சோதனை செய்தோம். சோதனையைக் காட்டிலும், அதன் முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்று மருத்துவர் தமிழிலேயே பொறுமையாக விளக்கியதற்காக இச்சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

ஒவ்வாமையைத் தணிக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளை ஒரு வாரத்திற்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். தாதி முன்கையில் பேனாவால் எண்களிட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் அருகே ஒவ்வாமை தரக்கூடிய ஒரு பொருளின் சாற்றில் ஒரு சொட்டு வைத்து, ஊசிமுனையால் மெல்லக் குத்தினார். தடிப்பை எழுப்பாத உப்புநீரும், தடிப்பை எழுப்பும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளும் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. 15 நிமிடம் கழித்துத் தடிப்புகளை அளந்தார்கள். உப்புநீர் இட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால்தான் கணக்கில் கொள்வார்களாம்.

வீட்டுத்தூசி உண்ணிக்குப் பெரிய தடிப்பும் இறாலுக்குச் சிறிய தடிப்பும் எழுந்தன. இறாலை விரும்பி உண்டும் இதுவரை எந்தத் தொல்லையும் காணாத பிள்ளைக்கு இது எப்படி வந்தது? 1966இல் ஜப்பானிய அறிவியலாளர்களான இஷிசாகா தம்பதியர் அடையாளம் கண்ட ஐஜிஇ (IgE) என்னும் எதிர்ப்பொருள், அதாவது அயற்பொருள்களைப் பற்றிக்கொள்ள உடல் உருவாக்கும் புரதம், இறாலை இறாலாகப் பார்ப்பதில்லை. ஒரு புரதத்தின் மேற்பரப்பிலுள்ள சிறு பகுதியின் வடிவத்தை மட்டுமே பற்றுகிறது. இறாலின் தசையிலும் தூசி உண்ணியிலும் கரப்பானிலும் உள்ள டிரோப்போமயோசின் என்னும் புரதம் பெரிதும் ஒத்திருப்பதால், ஒன்றுக்கு உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றையும் பற்றிக்கொள்ளக்கூடும். தோலில் ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் காத்திருக்கும் ஐஜிஇயை அப்புரதம் இணைத்தவுடன் ஹிஸ்டமின் வெளிப்பட்டுத் தடிப்பு எழுகிறது. உடல் ஒன்றை அடையாளம் காண்பது வேறு, அதனால் நோயுறுவது வேறு என்று மருத்துவர் அழுத்திச் சொல்லி, இறாலை நிறுத்த வேண்டாம் என்றார். தாளிலுள்ள முடிவை மட்டும் பார்த்திருந்தால் இறால் விழுது சேர்த்த பெலாச்சான் சம்பல்கூட எங்கள் வீட்டிலிருந்து மறைந்திருக்கும்.

உணவு ஒவ்வாமைக்கென்று வெளியில் விற்கப்படும் ஐஜிஜி (IgG) என்னும் வேறொரு எதிர்ப்பொருளை அளக்கும் இரத்தச் சோதனைகளையும் அவர் ஏற்கவில்லை; நாம் வழக்கமாக உண்ணும் உணவுகளுக்கு அந்த எதிர்ப்பொருள் உருவாவது இயல்புதான். இதை இன்னும் பலர் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

குறைகளும் உண்டு. கட்டணத்தை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவில்லை. முடிவுத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கடுமையான தோலழற்சி உள்ளவர்களும் மாத்திரையை நிறுத்த இயலாதவர்களும் தோல் சோதனைக்குப் பதிலாக ஐஜிஇ இரத்தச் சோதனை செய்துகொள்ளலாம். அதுவும் அங்கேயே கிடைக்கிறது.