கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி எந்தப் படம்?

காட்பாடி, குடியாத்தம் பக்கம் மண்டபத்தில் ரிசப்ஷன் முடிந்து, மாப்பிள்ளை அறையில் நண்பர்கள் கூடிப் படம் பார்ப்பதென்றால் எனக்கு இரண்டுதான் தோன்றும்.

2009-ல் வந்த ‘தி ஹேங்ஓவர்’ லாஸ் வேகாஸ் கூத்து. விடிந்தால் மாப்பிள்ளையைக் காணோம், மூன்று நண்பர்களுக்கும் முந்தின ராத்திரி எதுவும் நினைவில்லை. துப்பறியும் கதை மாதிரி விறுவிறுவென ஓடும். ஆனால் சித்தப்பா எட்டிப் பார்த்தால் டிவியை அணைக்க வேண்டியிருக்கும்.

2012-ல் வந்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ படத்தில் மாப்பிள்ளை இருக்கிறார், ஞாபகம்தான் இல்லை. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கப் போய் மண்டையில் அடி. படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாகவே நடந்த கதை இது. ரிசப்ஷன் மேடையில் மேக்கப்போடு நிற்கும் பெண்ணைப் பார்த்து விஜய் சேதுபதி மிரளும் இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் வயிறு வலிக்கும். நம் ஊர் மேடையும் அப்படித்தானே? மொய்க் கவரோடு வரிசையில் சொந்தக்காரர்கள், கண்ணில் அடிக்கும் வீடியோ லைட். அத்தனை பேருக்கு நடுவில் பக்ஸ், சரஸ், பஜ்ஜி மூவரும் பயத்தை மறைத்துக்கொண்டு நண்பனை விட்டு நகராமல் நிற்கிறார்கள். நட்பு என்று ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை. சொன்னதையே திரும்பச் சொல்வதால் படம் கொஞ்சம் நீளம், சரி.

ஹேங்ஓவரில் மாப்பிள்ளை பெரும்பாலும் திரையிலேயே இல்லை. தேடுகிற பரபரப்புதான் மிஞ்சுகிறது. அதனால் என் ஓட்டு தமிழ்ப் படத்துக்கே. ஹேங்ஓவரைக் கல்யாணம் முடிந்து, நண்பர்கள் மட்டும் ஏலகிரிக்குப் போகும்போது பாருங்கள்.