எஸ்.பி.எம். முடிந்த பிள்ளைக்கு எந்த வழி: ஆறாம் படிவமா, மெட்ரிக்கா, ஃபவுண்டேஷனா, டிப்ளோமாவா?

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்திலேயே தனியார் கல்லூரிகளின் அழைப்புகள் தொடங்கிவிடும். "ஞாயிற்றுக்கிழமைக்குள் பதிந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு" என்பார்கள். சித்தப்பா மகள் மெட்ரிக்கில் 4.00 எடுத்த கதையும், பக்கத்து வீட்டுப் பையன் ஃபார்ம் சிக்ஸில் திணறிய கதையும் அதே வாரத்தில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சந்தடிக்கு நடுவில்தான் பிள்ளையின் அடுத்த ஐந்தாண்டைத் தீர்மானிக்கின்றன.

எது சுலபம், எது கௌரவம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நாங்கள் ஒவ்வொரு வழியையும் வேறொரு கேள்வியால் அளக்கிறோம். பிள்ளை நடுவில் மனம் மாறினாலோ, வீட்டு வருமானம் தடைபட்டாலோ, அதுவரை படித்த படிப்பு கையில் என்னவாக மிஞ்சும்?

மெட்ரிக்கும் ஆறாம் படிவமும்

அதிகக் குழப்பம் இங்கேதான். இரண்டும் அரசாங்கம் நடத்துபவை, குடும்பத்துக்குப் பெரிய கட்டணச் சுமை இல்லாதவை. இரண்டிலும் சி.ஜி.பி.ஏ. எனும் சராசரித் தேர்ச்சிப் புள்ளி 4.00-க்குத்தான் கணக்கிடப்படுகிறது. பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இரண்டுக்கும் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாடம். வேறுபாடு காலத்திலும் தேர்விலும் இருக்கிறது.

மெட்ரிகுலேஷன் வழக்கமாக ஓராண்டு, இரண்டு பருவங்கள். இரண்டாண்டுத் திட்டமும் உண்டு. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி கெப்பாளா பத்தாசிலும் சிலாங்கூர் கல்லூரி பந்திங்கிலும் இருக்கின்றன. ஆனால் பினாங்குப் பிள்ளைக்குப் பினாங்குதான் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, லாபுவானுக்கும் அனுப்பலாம். வீட்டை விட்டு ஒரு வாரம்கூடப் பிரிந்திராத பிள்ளைக்கு முதல் பருவத்தின் பாதி, பழகிக்கொள்வதிலேயே போய்விடும். மொத்தமே இரண்டு பருவம் என்பதால் முதலாவதில் 2.80 எடுத்தவர் இரண்டாவதில் எவ்வளவு ஏறினாலும் 3.80-ஐத் தொடுவது கணக்கின்படியே முடியாது. மெட்ரிக்கின் உண்மையான ஆபத்து பாடத்தின் கடினம் அல்ல, திருத்திக்கொள்ள நேரம் இல்லாததுதான்.

இடம் கிடைப்பது தனிப் பாடு. பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற இன ஒதுக்கீடு இருக்கிறது. 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் விகிதம் மாறவில்லை. 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற எல்லா இனத்து மாணவருக்கும் மெட்ரிக்கில் இடம் என்று அறிவித்தார். அதன்பின் 'ஏ மைனஸ்' கணக்கில் சேருமா என்ற சர்ச்சை எழுந்தது. ஆகவே உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள். போன ஆண்டு வாட்ஸ்அப்பில் வந்ததை நம்ப வேண்டாம். மெட்ரிக்கில் இடம் கிடைப்பதும், பிறகு விரும்பிய துறையில் பல்கலைக்கழக இடம் கிடைப்பதும் வெவ்வேறு என்பதையும் பிள்ளைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

ஆறாம் படிவம் மூன்று பருவம், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. அதன் முடிவில் பெறும் எஸ்.டி.பி.எம். தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் நாடு முழுவதற்கும் ஒரே தாளாக நடத்துகிறது. அதனால்தான் பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் பல்கலைக்கழகங்கள் இதை பிரிட்டனின் ஏ-லெவலுக்கு இணையாக ஏற்கின்றன. மெட்ரிக் சான்றிதழுக்கு நாட்டுக்கு வெளியே அந்த மதிப்பு இல்லை. 2012-இல் பருவமுறை வந்தபின், முதல் இரண்டு பருவத் தாள்களை மறுபடி எழுதி, இரண்டில் நல்ல மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. 'ஃபார்ம் சிக்ஸ் என்றால் கொலைக்களம்' என்ற பயம், எல்லாத் தாளையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுதிய பழைய காலத்தின் மிச்சம்.

ஆறாம் படிவத்தில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, முதல் பருவத்தை எஸ்.பி.எம். களைப்பாறும் விடுமுறையாக நினைப்பது. வகுப்பு தொடங்கிய சில மாதங்களிலேயே தேர்வு வந்து நிற்கும். இரண்டாவது, பாடத் தேர்வு. வழக்கமாக நான்கு பாடங்கள்: கட்டாயமான பெங்காஜியான் ஆம் எனும் பொது அறிவுப் பாடம், அதோடு மூன்று. அறிவியல் பிரிவில் வேதியியலும் கணிதம் 'டி'-யும் எடுத்தபின் மூன்றாவது பௌதிகமா உயிரியலா என்பது சின்ன முடிவு போலத் தோன்றும். பௌதிகத்தை விட்டால் பொறியியல் கதவுகள் பல மூடும். உயிரியலை விட்டால் மருத்துவத்துக்குப் போகும் வழி குறுகும். கூடுதல் கணிதத்தில் தட்டுத்தடுமாறிக் கிரெடிட் வாங்கிய பிள்ளையைக் கணிதம் 'டி'-யில் தள்ளுவது, 'அறிவியல்தான் மரியாதை' என்ற பெற்றோரின் ஆசையால் நடப்பது. சமூக அறிவியல் பிரிவில் வணிகம், பொருளியல், கணக்கியல் எடுத்து 3.80 வாங்குபவருக்கு, அறிவியலில் 2.70 வாங்குபவரைவிடக் கூடுதலான கதவுகள் திறக்கும். தமிழ்மொழியையும் எஸ்.டி.பி.எம். பாடமாக எடுக்கலாம், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையை நோக்கிப் போகிறவர்களுக்கு அது நேர்வழி. மியுவெட் ஆங்கிலத் தேர்வை மூன்றாம் பருவம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

எங்கள் கணிப்பு இதுதான்: பிள்ளை தானாகப் புத்தகத்தைத் திறக்கிற சுபாவம், இலக்கு உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகம் என்றால் மெட்ரிக் கிடைத்ததும் போகட்டும். சூடுபிடிக்க நாளாகும் பிள்ளைக்கும், வெளிநாட்டு எண்ணம் ஓரத்தில் இருக்கும் பிள்ளைக்கும் ஆறாம் படிவமே பொருத்தம். தகுதி உள்ளவர்களுக்கு ஆறாம் படிவ இடத்தை அரசாங்கமே ஒதுக்குகிறது. பள்ளியையோ பிரிவையோ மாற்ற மேல்முறையீடு செய்யலாம். மற்ற பதில்களுக்குக் காத்திருக்கும்போது பிள்ளை வகுப்பில் உட்காரட்டும். வேறு இடம் வந்தால் விலகிக்கொள்வதில் பண நட்டம் இல்லை. கோலாலம்பூரில் 50 வெள்ளி மை50 அட்டையோடு மாதப் போக்குவரத்தும் முடிந்துவிடும்.

ஃபவுண்டேஷனும் ஏ-லெவலும்

பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தளப் படிப்பான தனியார் ஃபவுண்டேஷன் ஓராண்டு. எஸ்.பி.எம்.-இல் குறைந்தது 5 கிரெடிட் வேண்டும். மதிப்பீட்டில் கணிசமான பகுதி ஒப்படைப்புகளும் படைப்புகளும் என்பதால், தேர்வு மண்டபத்தில் உறைந்துபோகும் பிள்ளைகளுக்கு இது ஏற்றது. கட்டணம் கல்லூரியைப் பொறுத்துப் பத்தாயிரம் வெள்ளியிலிருந்து முப்பதாயிரம் வரை விரியும். ஸ்தாப்பாக்கிலும் பினாங்கு தஞ்சோங் பூங்காவிலும் இருக்கும் டார் யூ.எம்.டி. பல்கலைக்கழகம் போன்றவை மலிவான பக்கத்தில் இருப்பவை.

கவனிக்க வேண்டியது ஒன்று: ஃபவுண்டேஷன் பெரும்பாலும் அதை நடத்தும் பல்கலைக்கழகத்தின் முதல் படிக்கட்டு. வேறு பல்கலைக்கழகம் ஏற்குமா என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். ஓராண்டு கழித்துப் பிள்ளை "இந்தத் துறை எனக்கு வேண்டாம்" என்றால், கட்டிய பணத்தோடு அந்த ஆண்டும் போகலாம். ஆக, பட்டப்படிப்பு, கல்லூரி, பட்டப்படிப்புக்கான மொத்தக் கட்டணம் மூன்றும் உறுதியான குடும்பத்துக்கு மட்டுமே இது நல்ல தேர்வு.

ஏ-லெவல் இதற்கு நேர் எதிர். 15 முதல் 24 மாதம் ஆகும், செலவும் பெரும்பாலும் கூடுதல், இறுதித் தேர்வே எல்லாம். ஆனால் சான்றிதழ் எங்கும் செல்லும். அதே பரந்த வாசலை எஸ்.டி.பி.எம். இலவசமாகத் தருகிறது என்பதால், உபகாரச் சம்பளம் இல்லாமல் கடன் வாங்கி ஏ-லெவல் படிக்க வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

டிப்ளோமா

டிப்ளோமாவுக்கு 3 கிரெடிட்டே குறைந்தபட்சத் தகுதி என்பதால் 'மார்க் குறைந்தவர்கள் போகிற இடம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். தொடக்கத்தில் கேட்ட கேள்வியால் அளந்தால் இது முன்வரிசைக்கு வரும். எஸ்.டி.பி.எம்., ஃபவுண்டேஷன், மெட்ரிக் மூன்றும் பெரும்பாலும் அடுத்த படிப்புக்கான நுழைவுச் சீட்டுகளே. அவற்றை மட்டும் காட்டி வேலை கேட்பது கடினம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், பிள்ளை சம்பாதிக்க வேண்டிய நிலை வந்தால் டிப்ளோமா கைகொடுக்கும்.

பெர்மாத்தாங் பாவ்விலுள்ள செபராங் பிறை பாலிடெக்னிக், பாலேக் பூலாவ் பாலிடெக்னிக் போன்றவற்றில் மின்னியல், இயந்திரவியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகள் இருக்கின்றன. கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் பக்கத்தில் இருப்பது பினாங்குப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வாய்ப்பு. குறை காலம்தான். இரண்டரை, மூன்றாண்டு டிப்ளோமாவுக்குப் பின் பட்டம் என்றால் மொத்தம் ஐந்தாறு ஆண்டு ஆகும். பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. பாட விலக்கு எத்தனை என்று சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே இடிக்கும்

பலர் தாமதமாகத் தெரிந்துகொள்வது இது: அரசாங்க உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும் உண்டு, ஃபவுண்டேஷனுக்கும் ஏ-லெவலுக்கும் இல்லை. அந்த ஓராண்டுப் பணத்தைக் கையிலிருந்தே கட்ட வேண்டும். ஊழியர் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுப்பதும் டிப்ளோமா, பட்டப்படிப்புக்கென இருக்கும் வசதி. பி.டி.பி.டி.என். கேட்க எஸ்.எஸ்.பி.என். எனும் கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும், நான்காம் படிவத்திலேயே திறந்துவிட்டால் வருமான வரிக் கழிவும் கிடைக்கும். முதல் வகுப்பில் பட்டம் பெறுபவருக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடன் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்கு கிடைக்கலாம் என்பதைப் பிள்ளை முதல் பருவத்திலேயே அறிந்திருக்கட்டும்.

எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டுமுன் மூன்றைச் செய்யுங்கள். மலேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடி, முழு அங்கீகாரமா தற்காலிகமா என்று பாருங்கள். மருத்துவம் என்றால் மருத்துவ மன்றம், பொறியியல் என்றால் பொறியாளர் வாரியம் அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று தனியாகச் சரிபாருங்கள். விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கிடைத்த கட்டணக் கழிவு, அடுத்த பருவத்தில் சி.ஜி.பி.ஏ. சற்றே இறங்கியதும் காணாமல் போவதுண்டு.

பெற்றோர் கையில் எடுக்க வேண்டியது

துறையைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். தாளும் தேதியும் உங்கள் பொறுப்பு. ஒரு கோப்பில் மைகார்டு, பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். தேர்ச்சித் தாள், பள்ளி விடுகைச் சான்றிதழ், இரு பெற்றோரின் சம்பளச் சீட்டு அல்லது சேமநிதி அறிக்கை எல்லாவற்றையும் நகலோடு வையுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமானத்துக்குச் சத்தியப் பிரமாணம் எடுத்து வைக்கலாம். நான்காம் படிவம் முதல் வாங்கிய புறப்பாடச் சான்றிதழ்களைத் தொலைக்காதீர்கள்; அந்த 10 விழுக்காட்டில் வரும் தசமப் புள்ளி வித்தியாசமே இடத்தைத் தீர்மானிக்கும் துறைகள் இருக்கின்றன. ஆறாம் படிவத்தில் சேர்ந்தால் அங்கும் சீருடைக் குழு, கழகப் பொறுப்பு வேண்டும்.

பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் முதல் தேர்வுகளை ஆசைக்கும், நடுவில் உள்ளவற்றைச் சென்ற ஆண்டின் தகுதிப் புள்ளிக்கும், கடைசியைப் பிள்ளை உண்மையிலேயே போகத் தயாரான இடத்துக்கும் ஒதுக்குங்கள். போக மனமில்லாத துறையை இடத்தை நிரப்ப மட்டும் போட்டால், கிடைப்பது அதுவாகவே இருக்கலாம். பெட்ரோனாஸ், பேங்க் நெகாரா போன்ற உபகாரச் சம்பளங்களுக்கான விண்ணப்பம் திறந்திருக்கும் நாட்கள் குறைவு. முடிவு வரும் முன்பே கணக்கைத் திறந்து, கட்டுரையையும் முடித்து வைத்தால், முடிவு வந்த அன்று மதிப்பெண்ணை மட்டும் நிரப்பி அனுப்பிவிடலாம்.