மொட்டை மாடி அறையா, பழைய வீட்டின் பின்கட்டா: தானே கற்ற ஓவியர் சென்னையில் ஸ்டூடியோ தேடும்போது

ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள், உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட கூடத்தில் சில ஆண்டுகள் நின்று வரைந்திருப்பார்கள். எந்த வெளிச்சத்தில் எந்த நிறம் எப்படி மாறும் என்பது அவர்களுக்குப் பழக்கத்திலேயே படிந்துவிடுகிறது. தானே கற்றுக்கொண்ட நம்மைப் போன்றவர்கள் சாப்பாட்டு மேசையிலும் கூடத்தின் மூலையிலும் தொடங்குகிறோம். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் வாடை வீட்டாருக்குப் பொறுக்க முடியாமல் போகும்போதுதான் வெளியே இடம் தேடுகிறோம்; தேடும்போதும் வாடகை, முன்பணம், சதுர அடி ஆகியவற்றைத் தாண்டி யோசிப்பதில்லை. அண்மையில் இந்தத் தேடலை முடித்து, ஒரு பழைய வீட்டின் பின்கட்டு அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் நம் கைக்கு எட்டும் வழிகள் சிலவே. ஷட்டர் போட்ட தெருக்கடை பெரிய கேன்வாஸ்களை ஏற்றி இறக்க வசதியானது. ஆனால் மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கும், ஷட்டரை இறக்கினால் வெளிச்சமே இராது, ஏற்றினால் தெருவே உள்ளே வந்துவிடும். கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமி மண்டல மையத்தின் பொதுப் பணிக்கூடங்கள், அச்சோவியமோ சுடுமண்ணோ செய்கிறவர்களுக்கு ஒப்பற்றவை, ஏனெனில் அச்சு இயந்திரத்தையும் சூளையையும் தனி ஒருவர் சொந்தமாக வைத்துக்கொள்வது அரிது. ஆனால் அலுவலகம் போய் வருகிற, விடியற்காலையில் மட்டுமே தூரிகையைத் தொடுகிற ஒருவருக்கு, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நினைத்தபோது திறக்கக்கூடிய ஓர் அறைதான் வேண்டும். 1966இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்த கலைஞர்களும் பாத்திக் (மெழுகு பூசிச் சாயம் தோய்த்த துணி) முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். வசிக்கவும் வரையவும் இடம் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடையை இந்த நகரம் கண்டதில்லை என்பது என் எண்ணம். ஆனால் இன்றைய மனை விலையில் அந்த வழியை நம்மில் யாரும் நினைத்துப் பார்க்க முடியாது.

மிஞ்சுபவை மொட்டை மாடி ஒற்றை அறையும் பழைய வீட்டின் பின்பகுதியும். மாடி அறைக்கு வாடகை குறைவு, காற்று உண்டு, தனிமை உண்டு. ஷீட் கூரையாக இருந்தால் கத்திரி வெயிலில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே தோல் கட்டிவிடும். நீர்வண்ணத்தில் ஒரு பூச்சை அடுத்ததோடு கலப்பதற்குள் காய்ந்துவிடும். வெளிப்புற இரும்புச் சுழல்படியில் நாலடிக்கு ஐந்தடிக் கேன்வாஸைக் காற்று நாளில் இறக்குவது ஆபத்தான வேலை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை, சமாளிக்கக்கூடியவையும் கூட. சமாளிக்க முடியாதது வெளிச்சம்.

ஐரோப்பிய ஓவிய நூல்கள் வடக்கு ஜன்னலைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அங்கே அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் நேர்வெயில் விழுவதில்லை என்பதே. சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கில்தான் நிற்கிறது. நண்பகல் வெயில் ஏறக்குறைய செங்குத்தாக விழுவதால் இரண்டடி சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். தொல்லை காலையிலும் மாலையிலும்தான். ஜூன் மாதத்தில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. ஒன்பது மணிக்கும் அது 20 பாகை அளவில் வடக்கே ஒதுங்கித்தான் இருக்கும். பட்டயக் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்த பரோடா ஓவியர் பூபேன் கக்கரைப் போல, பிழைப்புக்கு ஒரு வேலையும் வாழ்வுக்கு ஓவியமுமாக இருப்பவர்களுக்குக் கிடைப்பதே இந்தக் காலை நேரம்தான். அந்த நேரத்தில் சன்ஷேடுக்குக் கீழாகச் சாய்ந்து வரும் மஞ்சள் வெயில், நாலரை அங்குலச் சுவர் கொண்ட மாடி அறைக்குள் வடக்கு ஜன்னல் வழியே தடையின்றிப் புகுந்து, கேன்வாஸின் ஒரு பாதியை மட்டும் சூடான நிறத்தில் காட்டும். அங்கே கலந்த சாம்பல் நீலம் மாலையில் வீட்டில் பார்க்கும்போது வேறொரு சாயலோடு நிற்கும். இதோடு, வெப்பத்தைக் குறைக்க மாடித் தரையில் அடிக்கும் வெள்ளைப் பூச்சு கீழிருந்து கண்ணைக் கூசச் செய்கிறது. திரை போட்டால் அறை இருண்டு, விளக்கு தேவைப்படுகிறது.

பின்கட்டு அறையில் இதைத் தீர்ப்பது சுவரின் தடிப்பு. ஒன்றரை அடி தடித்த வடக்குச் சுவரில் நாலடி அகல ஜன்னல் இருந்தால், சுவரோடு 24 பாகைச் சாய்வில் வரும் காலைக் கதிர் பெரும்பாலும் அந்தத் தடிப்பின் பக்கவாட்டிலேயே பட்டுவிடுகிறது. சுண்ணாம்பு அடித்த அந்தப் பக்கச் சுவரே வெயிலை மென்மையாக்கி உள்ளே அனுப்புகிறது. மெட்ராஸ் டெரஸ் என்கிற, தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் கட்டிய உயரமான கூரை, வெப்பத்தையும் கீழே இறக்குவதில்லை. ஆனால் எதிர்வீட்டுச் சுவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐந்தடி இடைவெளியில் இளஞ்சிவப்போ கிளிப்பச்சையோ அடித்த சுவர் இருந்தால், அறைக்குள் வருவது வானத்தின் வெளிச்சமாக இராது, அந்தச் சுவரின் நிறமாகவே இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன், ஒரு வெள்ளைத் தாளை ஜன்னலருகே பிடித்துக் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பார்த்துவிடுவது நல்லது. அந்தத் தாள் சொல்வதைத் தரகர் சொல்லமாட்டார்.

இரவில் மட்டுமே வரைகிறவர்களுக்கு இந்த வாதம் பெரும்பாலும் பொருந்தாது. பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் அளவில், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு) 90க்கு மேலுள்ள எல்.இ.டி. விளக்குகளை மாட்டிக்கொண்டால் மாடி அறையும் பின்கட்டும் ஒன்றுதான். வாடகை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். மழையைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனெனில் என் அறை இன்னும் ஒரு பெருமழையைச் சந்திக்கவில்லை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் சுவரில் சாய்த்த கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மரச்சட்டங்களில் நிறுத்தியிருக்கிறேன். கரையானுக்கு அஞ்சி, சட்டங்களின் கால்களைத் தரையில் படாமல் கல்லின் மேல் ஏற்றியிருக்கிறேன். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த தெருக்களில் தரைத்தளத்தை நினைக்கவே கூடாது. அங்கே வெளிச்சக் குறையோடும் மாடி அறையே சரி.

பின்கட்டுக்கு இன்னொரு கேடு, அந்த வீடே எந்த நாளும் இடிபடலாம் என்பது. தனி வீடுகள் அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கும் நகரத்தில் வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தம் பெரிய பாதுகாப்பு அல்ல. வீட்டை விற்பதாகவோ கட்டுநரிடம் கொடுப்பதாகவோ முடிவானால் மூன்று மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டேன். வீட்டுக்கார அம்மா யோசித்துவிட்டு, ஈரம் காயாத எண்ணெய் ஓவியங்களை அவசரமாக வண்டியில் ஏற்ற முடியாது என்று நான் விளக்கியதைக் கேட்டு, நான்கு மாதம் என்றே எழுதிக் கையெழுத்திட்டார்கள்.