எங்கள் தமிழ் முதியோர் பகல் நிலையம்: சண்டை பிடித்துக் காப்பாற்றிய இடம்

தென் லண்டனில் எங்கள் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) எல்லைக்குள் இயங்கும் தமிழ் முதியோர் பகல் நிலையத்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று ஏன் குறைந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். நிதி பற்றிக் கவுன்சிலோடு பேச்சு இன்னும் முடியாததால் பெயரை எழுதவில்லை. அக்கம்பக்கத்துத் தமிழருக்குப் பெயர் சொல்லாமலே விளங்கும்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று மெமரி கிளினிக்கில் சொன்னார்கள். பிறகு படித்த மொழி பலருக்கு முதலில் கழன்றுபோகும் என்று அங்கே விளங்கப்படுத்தினார்கள். வீட்டில் அதைக் கண்ணாலேயே கண்டோம். பஸ்ஸில் ஏறி டிரைவருக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிப் பழகிய மனுசி, ஜி.பி. (குடும்ப டாக்டர்) கேட்கிற கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டத் தொடங்கினார். தமிழில் கேட்டால் முழங்கால் எந்த நேரம் குத்துகிறது, எந்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது எல்லாம் வரும்.

நிலையம் ஒரு தேவாலயத்தோடு ஒட்டிய மண்டபத்தில் நடக்கிறது. காலை பத்து மணிக்கு மினி பஸ் வந்து ஏற்றும், மூன்று மணிக்குத் திருப்பி இறக்கும். வந்தவுடன் தேத்தண்ணி, பிறகு கதிரையில் இருந்தபடி உடற்பயிற்சி, பத்திரிகை வாசிப்பு. ஐயாமார் ஒரு மூலையில் முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம் அடிப்பார்கள். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை, ஒரு நாள் மீன். சாப்பாட்டுக்கு ஐந்து பவுண். அரைவாசிப் பேருக்கு மேல் சீனி வருத்தக்காரர் என்பதால் சோற்றை அளந்துதான் போடுவார்கள். உப்பும் குறைவு. அதற்காகத் தினமும் ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டையைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டும்.

நான் இந்த இடத்தை நம்பத் தொடங்கியது இரண்டு விஷயங்களால்.

அங்கே ஒரு ஐயா கையில் ஒரு ரெக்சின் பை இல்லாமல் இருக்கமாட்டார். பாஸ்போர்ட், பழைய அடையாள அட்டை, காணி உறுதியின் போட்டோப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். சாப்பிடும்போது மடியில், தேகப்பயிற்சியின்போது காலுக்குள். இடம்பெயர்ந்து ஓடியவர்களுக்கு அந்தப் பை என்னவென்று தெரியும். வேறொரு நிலையத்தில் பாதுகாப்பு என்று சொல்லி அதை வாங்கி லொக்கருக்குள் வைத்துவிட்டார்களாம். மனுசன் மத்தியானம் வரை வாசலில் நின்று அழுதிருக்கிறார், ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. எங்கள் நிலையத்தில் அந்தப் பையை ஒருவரும் தொடுவதில்லை. கழிவறைக்குப் போகும்போது மட்டும், "ஐயா, நான் இதிலையே நிண்டு பிடிச்சுக்கொண்டிருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்று பொறுப்பாளர் தங்கச்சி கதவோடு நின்று, அவர் வெளியே வந்ததும் கையில் கொடுப்பார்.

மற்றது நவம்பர் மாதம். ஐந்தாம் திகதியை ஒட்டி இங்கே ஒரு கிழமைக்கு வெடி கொளுத்துவார்கள். எங்கள் பெரியவர்களில் பலர் ஷெல்லடிக்குள் வாழ்ந்தவர்கள். அந்தக் கிழமை முழுக்க நிலையத்தில் ஒவ்வொருவரிடமும் போய், இன்றிரவு சத்தம் கேட்கும், இது பட்டாசு, பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். மறதி உள்ளவர்களின் வீட்டுக்குச் சாயந்தரம் தொலைபேசியும் எடுப்பார்கள். பாட்டை முதலே போட்டுவிடுங்கள், ஜன்னல் சீலையை இழுத்துவிடுங்கள் என்று எனக்கும் சொன்னார்கள். ஒரு பராமரிப்புத் திட்டப் படிவத்திலும் இதற்கென்று ஒரு பெட்டி கிடையாது.

இனிக் குறைகள். மினி பஸ் பழையது, குளிர்காலத்தில் அடிக்கடி படுத்துவிடும். அன்றைக்கு நாங்கள் வேலைக்குப் பிந்தித்தான் போக வேண்டும். சக்கர நாற்காலி திரும்பக்கூடிய கழிவறை ஒன்றுதான், மத்தியானத்துக்குப் பிறகு அதற்கு வரிசை. பெண்களுக்கான நிகழ்ச்சி குறைவு. கோலம், பின்னல் என்று எப்போதாவது நடக்கும், மற்ற நேரம் ஐயாமாரின் சீட்டாட்டம்தான் மண்டபத்தை ஆளும். காத்திருப்போர் பட்டியல் எங்கே நிற்கிறது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது. முக்கியமாக, எல்லாமே ஒரு பொறுப்பாளரின் தலையில் கிடக்கிறது. அவர் லீவில் நின்றால் இடமே தடுமாறுகிறது. நான் குறைத்த நட்சத்திரம் இதற்குத்தான்.

இப்போது உப்புச் சண்டைக்கு வருகிறேன். அதில்தான் நிலையம் பிழைத்தது.

ஒரு குளிர்காலத்தில் கவுன்சிலின் வரவு செலவு முன்மொழிவுகள் வெளிவந்தன. அதற்குள் ஒரு வரி: எங்கள் நிலையத்துக்கான மானியத்தை நிறுத்தி, பெரியவர்களை இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு பொது நிலையத்தோடு சேர்ப்பது. கவுன்சிலைக் கெட்டவர்கள் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. முதியோர், மாற்றுத்திறனாளர் பராமரிப்பு இந்தக் கவுன்சில்களின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று. ஒருவருக்குப் பராமரிப்பு வேண்டும் என்று மதிப்பீட்டில் உறுதியானால், கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் இந்த மாதிரி நிலையத்துக்குக் கொடுக்கும் மானியம் கட்டாயம் இல்லை. ஆகவே கத்தரிக்கோல் முதலில் இங்கேதான் வரும். இது விளங்கினால்தான் எங்கே போய்ப் பேசுவது என்று பிடிபடும்.

கருத்துக் கேட்கிறோம் என்று ஓர் இணையப் படிவம் விட்டார்கள். முழுக்க ஆங்கிலம். நிலையத்துக்கு வருகிறவர்களில் கணினி திறக்கத் தெரிந்தவர்கள் ஓரிருவர். அங்கேதான் எங்கள் குழு தொடங்கியது. குழு என்றால் நாலைந்து மகள்மார், ஒரு மருமகன், கணக்காளராக வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணை. சிலர் லூயிஷம் ஆஸ்பத்திரிக்காக நடந்தவர்கள். சிவன் கோயிலுக்கு லூயிஷம் போகிறவர்களில் பலருக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். பக்கத்து ஆஸ்பத்திரிகளை நடத்திய ட்ரஸ்டின் கடனுக்காக அந்த ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சையையும் பிரசவப் பிரிவையும் குறைக்கப் பார்த்தார்கள். 2013 ஜனவரி 26ஆம் திகதி சுமார் 25,000 பேர் தெருவில் இறங்கினார்கள். அப்படியும் அன்றைய சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் சில நாளில் திட்டத்தை ஏற்றார். பிறகு ஊரவர்களும் லூயிஷம் கவுன்சிலும் வழக்குப் போட, ஜூலை 31ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அடுத்த வருடமே அரசு சட்டத்தை மாற்றித் தனக்கு அதிகாரம் எடுத்துக்கொண்டது என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் ஆஸ்பத்திரி நிற்கிறது. அங்கே பிள்ளை பெற்றவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

கவுன்சில் சொன்ன காரணத்தில் முதல் ஓட்டையைக் கணக்காளர் அண்ணைதான் கண்டுபிடித்தார். வருகை குறைவு என்று கவுன்சில் காட்டிய எண்ணிக்கை மினி பஸ் பழுதாகிக் கிடந்த மாதத்தினுடையது. வருடம் முழுவதற்குமான வருகைப் பதிவேட்டை அவர் படியெடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு அதிகாரிகள் அந்த எண்ணிக்கையை வாயில் எடுக்கவில்லை.

அடுத்தது சட்டம். நாங்கள் வக்கீல் இல்லை, ஆனால் இலவச சட்ட ஆலோசனை நிலையத்தில் ஒருவர் நிதானமாக விளங்கப்படுத்தினார். கருத்துக் கேட்பு என்றால் முடிவு எடுக்கும் முன்னர் கேட்க வேண்டும், யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தர வேண்டும், போதிய நேரம் தர வேண்டும், வந்த பதில்களை மனம் வைத்துப் பார்க்க வேண்டும். 1985இல் பிரென்ட் கவுன்சில் வழக்கில் வந்த நியமங்கள் இவை. 2014இல் ஹாரிங்கே கவுன்சில் வழக்கில் உச்ச நீதிமன்றமே இவற்றை ஏற்று, மாற்று வழிகளைச் சொல்லாமல் கேட்ட கருத்துக் கேட்பு நியாயமில்லை என்றது. இதைவிட எங்களுக்குக் கிட்டவானது 2008இல் சவுத்ஹோல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற சிறுபான்மைப் பெண்களுக்கான உதவி அமைப்பின் விவகாரம். எல்லாப் பெண்களுக்கும் ஒரே பொதுச் சேவை போதும் என்று சொல்லி அவர்களின் நிதியை நிறுத்த ஈலிங் கவுன்சில் முடிவு செய்தது. வழக்கு நடக்கும்போதே கவுன்சில் அந்த முடிவைக் கைவிட்டது. சிறுபான்மைக்கென்று தனிச் சேவை நடத்துவது சமத்துவத்துக்கு எதிரானது அல்ல என்று நீதிமன்றமும் தெளிவாக்கியது. முடிவு எடுக்கும்போது சமத்துவத்தை யோசித்துப் பார்க்க வேண்டும் என்ற கவுன்சிலின் கடமை இன்றைக்கு 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவில் இருக்கிறது. எங்கள் நிலையம் பற்றிக் கவுன்சில் எழுதிய சமத்துவ மதிப்பீட்டில் வயது இருந்தது, உடற்குறைபாடு இருந்தது, மொழி பற்றி ஒரு வசனம்கூட இல்லை. அதை எழுத்தில் கேட்டோம். படிவம் தமிழில் வந்தது, கால எல்லையும் நீண்டது.

கையெழுத்து வாங்கினோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசல், கோயில் தேர், மரக்கறிக் கடை. ஆனால் என் கணிப்பில், கையெழுத்துத் தாள்கள் கதவைத் திறக்க மட்டும்தான் உதவின. உள்ளே வேலை செய்தது பெரியவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிய பக்கங்கள். "இந்த நிலையம் எனக்கு மிக முக்கியம்" என்று எழுத வேண்டாம் என்று முதலே முடிவு செய்திருந்தோம். போன மாதம் இங்கே என்ன நடந்தது, அது இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் கேட்டோம். கால் புண்ணை வீட்டில் ஒளித்து, இங்கே சாப்பாடு போடுகிற அக்காவிடம் மட்டும் காட்டிய அம்மா. ஒரே மாத்திரையை இரண்டு பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த ஐயா. மகன் பென்ஷன் காசை எடுக்கிறான் என்று சீட்டாட்டத்துக்கு நடுவே சொல்லிவிட்டு அழுத இன்னொருவர். இவை ஆஸ்பத்திரி அறைக்கும் பொலிஸுக்கும் போயிருக்க வேண்டிய கதைகள். அந்தப் பக்கங்களைப் பெயர் எடுத்துவிட்டுக் கவுன்சிலர்களின் கையில் கொடுத்தோம்.

கூட்டத்தில் பேச ஐந்து நிமிடம் தந்தார்கள். நிலையத்தில் உப்புக்காகத் தினமும் சண்டை பிடிக்கிற வேறொரு அம்மாதான் பேசினார், பேத்தி மொழிபெயர்த்தாள். மற்ற நிலையமும் நல்ல இடம்தானே, ஏன் போக மாட்டீர்கள் என்று ஒரு கவுன்சிலர் மரியாதையாகவே கேட்டார். அம்மா யோசிக்கவில்லை. "அங்கை போய்ப் பார்த்தனான். நல்ல சனம். ஆனால் அங்கை நான் நல்ல பிள்ளை. தந்ததைச் சாப்பிட்டு, சொன்ன இடத்திலை இருந்திட்டு வருவன். நோகுதெண்டும் சொல்லமாட்டன், வேண்டாமெண்டும் சொல்லமாட்டன். இஞ்சை எண்டால் சண்டை பிடிப்பன்."

பேத்தி அதை அப்படியே சொன்னாள். எதற்கும் குறை சொல்லாத கிழவியை எல்லாரும் திருப்தியான பயனாளி என்று பதிந்துவிடுவார்கள். என் அம்மாவும் ஜி.பி.யிடம் தலையாட்டியபோது அந்தப் பட்டியலில்தான் இருந்தார். கோபிக்கவும் மறுக்கவும் ஒரு மனிதருக்கு இடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் பராமரிப்பின் தரம் என்கிறேன். இந்த நிலையம் அதைக் கொடுக்கிறது.

மானியம் தப்பியது. முழுதாக அல்ல. வெள்ளிக்கிழமை போய்விட்டது, நான்கு நாளாக நடந்தது மூன்றாகிவிட்டது. மினி பஸ்ஸுக்கு இப்போது காசு எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தவர்களில் இருவர் பிறகு வரவேயில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம், ஒருவர் படுக்கையோடு. வென்றோம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இருவரும்தான் ஞாபகம் வருகிறார்கள்.

சேர்க்க நினைப்பவர்களுக்கு: கவுன்சிலின் முதியோர் பராமரிப்புப் பிரிவில் 2014 பராமரிப்புச் சட்டத்தின்படி மதிப்பீடு கேளுங்கள். அது இலவசம், உங்களிடம் எவ்வளவு காசு இருந்தாலும் செய்ய வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் தொலைபேசியிலேயே சொல்லுங்கள், மகளையோ பேரனையோ வைத்துச் சமாளிக்காதீர்கள். பார்த்துக்கொள்கிற உங்களுக்கென்று தனி மதிப்பீடு கேட்கும் உரிமையும் உண்டு, பலர் இதைக் கேட்பதே இல்லை. சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் என்றால் செலவை நீங்களே பார்க்க வேண்டி வரலாம், ஆனால் பகல் நிலையம் என்றால் நீங்கள் குடியிருக்கிற வீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவிப் பணத்துக்கு வருமானமும் சேமிப்பும் பார்ப்பதில்லை, அதற்கும் விண்ணப்பியுங்கள்.

போய்ப் பார்க்க நல்ல நேரம் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி, எல்லாரும் வந்திருப்பார்கள், பொறுப்பாளரும் நிற்பார். கவுன்சில் வரவு செலவை மார்ச் 11க்கு முன்னர் முடிக்க வேண்டும் என்பதால் எங்கள் குழு ஒக்டோபரிலேயே கூடத் தொடங்குகிறது. கணக்காளர் அண்ணைக்குக் கண் சரியில்லை. அந்த வரவு செலவு அறிக்கையின் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பொறுமையாக வாசிக்கக்கூடிய ஒருவர் எங்களுக்கு வேண்டும். தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.