வடியும் நேரத்தில் அலறும் மெஷின்: வீட்டு டயாலிசிஸில் என் அனுபவம்

கூலிமில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் பண்ணினார். "வயிற்று டயாலிசிஸ் செய்யலாம்னு டாக்டர் சொல்லிட்டார்ண்ணே, கையால பை மாத்துறதா, ராத்திரி மெஷினா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். வயிற்றில் வைத்த குழாய் வழியாகப் பையிலிருக்கிற மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கழிவோடு வடித்துவிடுவதுதான் வயிற்று டயாலிசிஸ்; பகலில் கையால் பை மாற்றியும் செய்யலாம், இரவில் தூங்கும்போது மெஷினாலும் செய்யலாம். ரொம்ப நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. பழைய மெஷின் கெட்டுப்போய் இப்போதுதான் வேறு ஒன்று வந்திருக்கிறது, அந்தச் சூட்டோடு மீதியை எழுதிவிடுகிறேன்.

குழாய் வைப்பது, முகமூடி, கை கழுவுவது, இணைக்கும்போது காற்றாடியை நிறுத்துவது எல்லாம் பயிற்சியில் மிஸ்ஸி (நர்ஸ்) சொல்லிக் கொடுத்துவிடுவார், அதற்குள் நான் போகவில்லை. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி. இனிப்பு நீரால் (நீரிழிவால்) கிட்னி போய்விட்டது. இரவு ஒன்பது மணிக்கு மாட்டினால் காலை ஆறு மணிக்குக் கழற்றலாம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு லிட்டர் உள்ளே போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் வயிற்றில் நின்று, அப்புறம் வடிந்து, மறுபடி நிரம்பும். எல்லாம் மெஷினே செய்கிறது, தண்ணீரையும் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் உள்ளே விடுகிறது.

இதில் வடிவதுதான் என் பிரச்சினை. எதிர்பார்த்த அளவு வெளியே வராவிட்டால் மெஷின் கத்தும். நியாயம்தான், வடியாமலேயே அடுத்த சுற்று உள்ளே போனால் வயிறு உப்பி மூச்சு முட்டும், ஆபத்து. ஆனால் ஏன் வடியவில்லை என்று அது சொல்வதில்லை. புரண்டு படுத்ததில் லைன் இடுப்புக்கடியில் மடங்கியிருந்தாலும் அதே சத்தம், லைனில் வெள்ளையாக நார் மாதிரி கட்டி அடைத்தாலும் அதே சத்தம், மலச்சிக்கலில் குடல் வீங்கிக் குழாயை நெருக்கினாலும் அதே சத்தம், வயிற்றில் உண்மையிலேயே ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும் அதே சத்தம்தான். இரவு மூன்று மணிக்கு விளக்கைப் போட்டு, லைனை மேலிருந்து கீழே தடவிப் பார்த்து, எழுந்து உட்கார்ந்து, இடது பக்கம் சாய்ந்து, வலது பக்கம் சாய்ந்து, பட்டனை அழுத்திக் காத்திருக்க வேண்டும். பக்கத்து அறையில் மாமியார் எழுந்துவிடுவார். என் மனைவி காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவள், அவள் தூக்கத்தையும் சேர்த்துத்தான் இது கெடுக்கிறது. இத்தனை விலை போட்டுச் செய்கிற மெஷினுக்குச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைக்கத் தெரியாதா? நோயாளி தனி அறையில் தனியாகப் படுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு செய்தது மாதிரி இருக்கிறது.

அலாரம் குறைய எங்களுக்கு உதவியதைச் சொல்கிறேன். முதலில் உயரம். நாங்கள் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிற குடும்பம், மெஷின் மேசை மேல் இருந்தது. மெஷினும் ஆளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னதும் கட்டில் வாங்கினோம், மெஷினைக் குட்டை ஸ்டூலுக்கு இறக்கினோம். அன்றே வித்தியாசம் தெரிந்தது. அடுத்தது வயிறு. ஒரு நாள் மலம் போகாவிட்டாலும் அன்றிரவு அலாரம் நிச்சயம், அதனால் மலமிளக்கி மருந்தை விடவே மாட்டேன், பப்பாளி வீட்டில் எப்போதும் இருக்கும். மூன்றாவதுதான் பெரியது: டைடல் என்று ஒரு முறை இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் முழுக்க வடிக்காமல் கொஞ்சத்தை வயிற்றிலேயே விட்டுவிட்டுக் கடைசியில் மொத்தமாக வடிக்கும். வடியும்போது கடைசியில் அடிவயிற்றைப் பிடித்து இழுக்கிற வலி இருக்குமே, அதுவும் இதில் குறையும். இதை முதல் மாதமே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ இரவு தூங்கியிருப்போம். டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும், அது சின்ன நல்லது இல்லை. என் அண்ணன் ஈப்போவில் இரத்த டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகிறார், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நாற்காலியில், போக வர வண்டி நேரம் தனி. அது முடிந்து வந்தால் அன்று முழுக்க ஆள் சோர்ந்து கிடப்பார். நான் காலையில் கழற்றிவிட்டுக் குளித்து ஆபீசுக்குப் போய் எடை போடுகிற லோரிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். பகல் முழுக்க என்னுடையது. அண்ணனுக்கு வாழைப்பழம், கீரை எல்லாம் அளவோடுதான், எனக்கு இரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருக்கிறதால் அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. அதற்குப் பதிலாக, வடிகிற தண்ணீரோடு புரதமும் தினமும் போய்விடுகிறது, முட்டையும் மீனும் தவறாமல் சாப்பிட வேண்டும். பையில் இருப்பது சர்க்கரைத் தண்ணீர், அதில் கொஞ்சம் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மஞ்சள் நிறத்துப் பை 1.5 விழுக்காடு, பச்சை 2.5. பச்சை போட்ட மறுநாள் என் சர்க்கரை ஏறும், இன்சுலினைச் சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் எறும்பு வருவதும் இந்தச் சர்க்கரையால்தான். வடிகிற லைனைக் குளியலறை வரைக்கும் இழுத்திருக்கிறோம், ஒரு சொட்டு விழுந்தால் போதும், காலையில் வரிசை கட்டி நிற்கும். நேராகக் குழிக்குள் போய்விடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, தண்ணீர் கலங்கலாக வந்தால் கண்ணில் படாது. கலங்கல் வந்தால் வயிற்றுக்குள் கிருமி என்று அர்த்தம், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கையால் செய்யும்போது பைக்குப் பின்னால் நாளிதழைப் பிடித்தால் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்போம். இப்போது முதலில் வடிவதைக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து அதே மாதிரி பார்க்கிறேன். இதை மட்டும் சோம்பல் படாமல் செய்யுங்கள்.

டயாலிசிஸ் பைகள் வருகிற பெட்டிகள் பற்றி நண்பர் கேட்கவே இல்லை, ஆனால் வீடு அதற்குத்தான் போகிறது. மாதம் ஒரு முறை லோரியில் வரும், எங்கள் தாமான் வீட்டு முன்கூடத்தில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். வெயில் படக்கூடாது, ஈரமும் ஆகாது.

சரி, மெஷின் கெட்ட கதை. திரையில் ஏதோ எண் வந்து நின்றுவிட்டது. கொடுத்தவர்கள் மாற்றித் தருகிறோம் என்றார்கள், அது வரும்வரை கையால் நான்கு வேளை பை மாற்றினேன், ஒன்று ஆபீசில் சரக்கு அறைக்குள். பகல் துண்டு துண்டாகிப்போனது உண்மைதான். ஆனால் இரவில் கடைசிப் பையை நிரப்பிவிட்டுப் படுத்தால் விடிகிற வரை சத்தமே இல்லை. மனைவி முகமே மாறியிருந்தது. அப்புறம் புது மெஷின் வந்தது, பார்த்தால் டைடல் முறை அதில் போட்டு வைக்கப்படவில்லை, பழையபடி கத்த ஆரம்பித்தது. எவ்வளவு சொல்லியும் மாற்றி வைக்க வேண்டியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் தள்ளினார்கள், கடைசியில் மிஸ்ஸிதான் போனில் ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிச் சரிசெய்தார், அவருக்கு நன்றி.

அதனால் நண்பருக்கு என் பதில்: இன்றைக்குக் கேட்டால் கையால் செய்யுங்கள். முதல் சில மாதமாவது. வேலையிடத்தில் சுத்தமான ஒரு அறை கிடைத்தால் மெஷின் பக்கமே போக வேண்டாம். நான் திருப்பிக் கொடுப்பேனா என்றால் மாட்டேன், அறுவடை நேரத்தில் எடை மேடையை விட்டு வர முடியாது. பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியிருந்தால் டயாலிசிஸ் உதவிக்கு இப்போதே மனு போடுங்கள், மருத்துவமனைச் சமூக நல அதிகாரி வழி சொல்வார். மெஷின்தான் என்று முடிவானால், கொண்டுவந்து வைக்கிற அன்றே டைடல் பற்றிக் கேட்டு, உங்கள் அமைப்பு எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி மெஷின் பக்கத்திலேயே ஒட்டி வைத்துவிடுங்கள்.