மாரிக்கு நிறுத்தும் மோட்டார் சைக்கிள்: தாங்கியை நிரப்புவதா, வெறுமையாக்குவதா?

ஐப்பசியில் மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் பல மோட்டார் சைக்கிள்கள் வாரக்கணக்கில் தாழ்வாரத்தில் நிற்கும். அப்போது தாங்கியில் பெற்றோல் இருக்கலாமா?

என் தெரிவு நிரப்பி வைப்பதுதான். அரைத்தாங்கிக்கு மேலே நிற்கும் காற்று பகலில் விரிந்து வெளியேறும், இரவில் சுருங்கி ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் தகட்டில் வியர்த்து வழிந்து அடியில் சேரும். தண்ணீர் பெற்றோலை விடப் பாரமானது. எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. தாங்கி நிறைந்திருந்தால் காற்றுக்கு இடம் இல்லை, துருவும் குறைவு. ஆனால் சில மாதம் தாண்டினால் பெற்றோல் பழசாகி, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரில் பிசின் பிடிக்கும். ஆகவே நிறுத்தும்போதே பெற்றோல் வரும் வழியை அடைத்து, காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கண்ணாடிப் போத்தலுக்குள் வடித்துவிடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் போத்தலின் அடியில் முத்து முத்தாக உருளும்.

வெறுமையாக்கினால் பழைய பெற்றோல் தொல்லை இல்லை. ஆனால் பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கத்து உப்புக்காற்றில் வெறும் இரும்புத் தாங்கி உள்ளே துருப்பிடிக்கும். மிஞ்சும் ஆவி தீப்பிடிக்கவும் கூடும், அதனால் திறந்த வெளியில் வடியுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று வெளிநாடு போகிறவர்களுக்கு இது சரி. உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு ஆட்டிவிட வேண்டும்.

எதைச் செய்தாலும் மூடியின் றபரைப் பாருங்கள். மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் வடியும் சிறுதுளை அடைபட்டிருந்தால், ஒரே மழையில் தண்ணீர் தாங்கிக்குள் இறங்கிவிடும்.